பிரெஞ்சுப் பண்ணையில் ட்ரிபெல் பீர் சுவைப்பது எப்படி: முதல் முறை போகிறவர்களுக்கு

வட பிரான்சில், லீல் நகரத்துக்கும் டன்கெர்க் துறைமுகத்துக்கும் நடுவே ஃப்ளாண்டர்ஸ் என்றொரு தட்டையான, பச்சையான நிலப்பகுதி இருக்கிறது. பார்லியும், பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸ் கொடியும் விளைகிற வயலுக்குப் பக்கத்துக் கொட்டகையிலேயே பீர் காய்ச்சும் பண்ணைகள் அங்கே உண்டு. பீர் காய்ச்சும் இடத்தை அந்த ஊரில் ப்ராஸ்ரி என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். இந்தப் பண்ணை ப்ராஸ்ரிகளில் கிடைக்கிற ட்ரிபெல், பொன் நிறத்தில், கனமான நுரையோடு, 7.5 முதல் 9.5 சதவீதம் வரை ஆல்கஹாலோடு வருகிற பீர். பெல்ஜியத்து மடாலயங்களின் வழியாக வந்த பாணி. வாழைப்பழம், கிராம்பு, ஆரஞ்சுத் தோல், தேன் எல்லாம் ஒரே கிளாஸில் மணக்கும்.

நல்லதொரு பொருள். ஆனால் முறையாகப் போய்ச் சுவைப்பது அவ்வளவு எளிதாக இல்லை. பண்ணை எப்போது திறந்திருக்கும், எப்படிப் போவது, எப்படித் திரும்புவது, என்ன கேட்பது, எப்படி ஊற்றுவது என்று ஒவ்வொன்றையும் தட்டுத்தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். மூடிய வாசலுக்கு முன்னால் மழையில் நின்றதும் உண்டு. புதிதாகப் போகிற உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எந்தப் பண்ணை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பண்ணை ப்ராஸ்ரி என்ற பெயரில் மூன்று வகை இடங்கள் இருக்கின்றன. சொந்த நிலத்தில் விளைவித்து அதிலிருந்தே காய்ச்சுகிற விவசாயி ஒரு வகை. பழைய பண்ணைக் கட்டடத்தை வாங்கி அதில் பீர் காய்ச்சுகிறவர் இன்னொரு வகை. பண்ணைப் படத்தை லேபிளில் மட்டும் போட்டு, வேறெங்கோ காய்ச்ச வைத்து விற்பவர் மூன்றாவது வகை. முதல் இரண்டும் போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள்.

பாயோல் ஊரில் இருக்கும் பெக் குடும்பத்தின் பண்ணை முதல் வகைக்கு நல்ல உதாரணம். ஹாப்ஸை அவர்களே பயிரிடுகிறார்கள், ஹொம்மெல்பாப் என்ற பீரைக் காய்ச்சுகிறார்கள். எஸ்கெல்பெக் கிராமத்தில் 1996-இல் தொடங்கிய திரியே ப்ராஸ்ரி இரண்டாம் வகை. பழைய பண்ணைக் கட்டடத்தில் இயங்குகிறது. இந்த இரண்டு ஊர்களுக்கும் ரயில் நிலையம் இருப்பதால், கார் இல்லாதவர்கள் ஃப்ளாண்டர்ஸ் பக்கத்தைச் சுற்ற இவற்றிலிருந்து தொடங்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எல்லாப் பண்ணையும் எல்லா மாதமும் ட்ரிபெல் வைத்திருப்பதில்லை. சிறிய இடங்களில் ஒரு முறை காய்ச்சியது தீர்ந்தால் அடுத்தது பாட்டிலில் முதிர்ந்து வரப் பல வாரம் ஆகும். அங்கே ஆம்பர் நிறத்து, அதாவது செம்பொன் நிறத்து பியேர் த கார்துக்குத்தான் முதல் மரியாதை, அதுதான் அந்த மண்ணின் பழைய பீர். ட்ரிபெல்லுக்காகவே போகிறீர்கள் என்றால் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

2. போன் செய்யாமல் கிளம்பாதீர்கள்

இது கடை இல்லை, வேலை நடக்கிற பண்ணை. விற்பனை நேரம் வாரத்தில் சில மணி நேரம்தான். பல இடங்களில் சனிக்கிழமை மட்டும், அல்லது வெள்ளி மாலையும் சனியும். மதியம் 12 முதல் 2 வரை பெரும்பாலும் மூடிவிடுவார்கள். ஞாயிறு, திங்கள் இரண்டையும் நம்ப வேண்டாம். மே 1, ஜூலை 14, ஆகஸ்ட் 15, நவம்பர் 11 ஆகிய விடுமுறை நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். இணையத்தில் போட்டிருக்கும் நேரம் போன வருடத்து நேரமாகவும் இருக்கலாம்.

மின்னஞ்சலுக்குப் பதில் வருவது அரிது. போன்தான் வேலைக்கு ஆகும். காலை 9-இலிருந்து 11-க்குள் கூப்பிடுங்கள். பிரெஞ்சு சரியாக வராவிட்டாலும் இரண்டு வரி போதும். ட்ரிபெல் இருக்கிறதா என்று கேட்க: “அவே-வூ ஊன் த்ரிப்ல் ஆன் ஸ மொமான்?” சுவைத்துப் பார்க்க முன்பதிவு வேண்டுமா என்று கேட்க: “ஃபோ-தில் ரெசெர்வே பூர் ஊன் தெகுஸ்தாசியோன்?” மெதுவாகப் பேசச் சொல்லிக் கேட்டால் கிராமத்துக்காரர்கள் மெதுவாகப் பேசுவார்கள், கோபப்பட மாட்டார்கள்.

பண்ணையில் சுவைப்பது இரண்டு விதம். சுற்றிக் காட்டி, விளக்கி, கடைசியில் ஊற்றிக் கொடுப்பது ஒன்று. கல்லாப் பக்கத்தில் நின்று ஒரு கிளாஸ் வாங்கிக் குடிப்பது இன்னொன்று. சுற்றிக் காட்டுவதற்குப் பல இடங்களில் குறைந்தபட்சம் இத்தனை பேர் வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. ஒருவர் இருவராகப் போனால், ஏற்கெனவே பதிவான குழுவோடு சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

காலம் பார்ப்பதும் முக்கியம். பார்லி அறுவடை ஜூலை பக்கம், ஹாப்ஸ் அறுவடை ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. அந்த வாரங்களில் வீட்டில் எல்லோரும் வயலில் இருப்பார்கள், உங்களோடு பேச ஆள் கிடைக்காது. பேசக் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான், ஏனென்றால் ஹாப்ஸ் கூம்பைக் கையில் கசக்கி முகர்ந்து பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. உள்ளே மஞ்சள் தூள் போன்ற பொடி ஒட்டும், விரல் நாள் முழுக்கக் கசக்கும். செப்டம்பர் மூன்றாவது வார இறுதியில், பழைய கட்டடங்களை மக்களுக்குத் திறந்துவிடும் பாரம்பரிய நாட்களில், மற்ற நாட்களில் திறக்காத சில இடங்களும் கதவைத் திறக்கும்.

3. திரும்பி வருவதை முதல் கிளாஸுக்கு முன்பே முடிவு செய்யுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ட்ரிபெல் தன் பலத்தை வெளியில் காட்டாது. நாக்கில் லேசாக, நுரையாக, பழ வாசனையோடு இறங்கும். ஆனால் 8.5 சதவீதம் உள்ள 33 சென்டிலிட்டர் பாட்டில் ஒன்றில் சுமார் 22 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. பிரான்சில் ஒரு கிளாஸ் என்று கணக்கிடுவது 10 கிராம். ஆக, ஒரு சின்ன பாட்டில் இரண்டு கிளாஸுக்கும் மேல். 75 சென்டிலிட்டர் பாட்டில் என்றால் ஐந்து கிளாஸ். ஒரு நாளைக்கு இரண்டு கிளாஸுக்கு மேல் வேண்டாம், வாரத்துக்குப் பத்துக்கு மேல் வேண்டாம், தினமும் வேண்டாம் என்பது அந்த நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்பின் அறிவுரை. ஒரு ட்ரிபெல்லிலேயே அந்த நாள் கணக்கு முடிந்துவிடுகிறது.

வண்டி ஓட்டுவதற்கான வரம்பு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம். புதிதாக உரிமம் வாங்கி, சோதனைக் காலத்தில் இருப்பவர்களுக்கு 0.2 கிராம், அதாவது ஒரு கிளாஸும் கூடாது. அந்த ஒரு சின்ன பாட்டில், 70 கிலோ எடையுள்ள ஆணை ஏறக்குறைய 0.45-க்குக் கொண்டுபோகும். 55 கிலோ எடையுள்ள பெண்ணை 0.65 பக்கத்துக்குக் கொண்டுபோகும். இது தோராயக் கணக்குதான், வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா, உடல் எப்படி என்பதைப் பொறுத்து மாறும். அதனால்தான் “நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்” என்ற எண்ணத்தை நம்பி சாவியைத் தொடக் கூடாது. 0.5-இலிருந்து 0.8-க்குள் பிடிபட்டால் 135 யூரோ அபராதம், உரிமத்தில் ஆறு புள்ளி போகும். 0.8-க்கு மேல் போனால் அது குற்ற வழக்கு. உடல் அந்த அளவை மணிக்கு 0.10 முதல் 0.15 வரைதான் குறைக்கும். காபி, குளித்தல், குளிர்ந்த காற்று எதுவும் அதை வேகப்படுத்தாது.

சைக்கிளில் போகலாம் என்று நினைப்பவர்கள் கவனியுங்கள். அதே 0.5 வரம்பு சைக்கிளுக்கும் பொருந்தும். அபராதம் உண்டு. அங்கே கிராமத்துச் சாலை ஓரத்தில் ஆழமான நீர்க்கால்வாய்களும் இருக்கும்.

ஆக, வழி மூன்றுதான். ஒன்று, கூட வருபவர்களில் ஒருவர் குடிக்காமல் ஓட்டுவது. அவருக்கு ட்ரிபெல்லை பாட்டிலாக வாங்கிக் கொடுத்துவிடுங்கள், வீட்டில் சுவைக்கட்டும். இரண்டு, பக்கத்தில் தங்குவது. சில பண்ணைகளே ழீத் என்ற தங்கும் அறை வைத்திருக்கின்றன. மூன்று, ரயில். பாரிஸிலிருந்து வருகிறவர்களுக்கு கார் து நோர் நிலையத்தில் ஏறினால் லீல் ஒரு மணி நேரம். லா ஷப்பல் பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்கு அது நடக்கிற தூரம். லீல் ஃப்ளாந்தர் நிலையத்திலிருந்து பாயோலுக்கு பிராந்திய ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். எஸ்கெல்பெக், ஆஸ்புருக் என்ற ஊரைத் தாண்டி, டன்கெர்க் போகும் பாதையில் இருக்கிறது.

நிலையத்திலிருந்து பண்ணைக்கு இன்னும் சில கிலோமீட்டர் இருக்கலாம். இந்தக் கிராமங்களில் கை தட்டி நிறுத்த டாக்ஸி கிடையாது. போகவும் வரவும் முன்னாடியே சொல்லி வையுங்கள். மாலை ரயில் குறைவு, ஞாயிறு இன்னும் குறைவு. கடைசி ரயிலுக்கு முந்தைய ரயிலைக் குறி வைப்பது நல்லது.

4. கையில் இருக்க வேண்டியவை, ஆகும் செலவு

பாஸ்போர்ட், தித்ர் த செழூர் என்ற குடியிருப்பு அட்டை, அல்லது உரிமம், இவற்றில் ஏதாவது ஒன்றை அசலாக எடுத்துக்கொள்ளுங்கள். 18 வயதுக்குக் கீழே யாருக்கும் மது விற்கக் கூடாது, வயதுக்கு ஆதாரம் கேட்பது விற்பவரின் கடமை. நம் முகத்தில் வயது தெரியவில்லை என்று அவர்கள் கேட்டால் வருத்தப்பட வேண்டாம்.

சுவைத்துப் பார்க்கச் சிறிய கிளாஸ்கள் நான்கைந்து உள்ள பலகை ஏறக்குறைய 6 முதல் 12 யூரோ. 33 சென்டிலிட்டர் பாட்டில் 2.50 முதல் 4 யூரோ, 75 சென்டிலிட்டர் 5 முதல் 9 யூரோ. பாரிஸ்–லீல் அதிவேக ரயில், முன்கூட்டி வாங்கினால் ஒரு விலை, அன்றைக்கு வாங்கினால் இரண்டு மூன்று மடங்கு. உண்மையில் இந்தப் பயணத்தில் பீரைவிட ரயிலுக்கும் டாக்ஸிக்கும்தான் அதிகம் போகும், அதை நினைவில் வைத்து நாலு பேராகப் போனால் லாபம். கார்டு இயந்திரம் வேலை செய்யாத நாளும் இருக்கும், 40 யூரோ ரொக்கமாக வைத்திருங்கள்.

கர்ப்பமாக இருப்பவர்களுக்கு ஒரு சொட்டும் வேண்டாம். எல்லாப் பாட்டிலிலும் அதற்கான சின்னம் சட்டப்படி அச்சிடப்பட்டிருக்கும். பார்லி, சில சமயம் கோதுமை சேர்ந்திருப்பதால் குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களும் தவிர்க்க வேண்டும்.

5. போவதற்கு முன் ஒரு ட்ரிபெல்லை வீட்டில் குடித்துப் பாருங்கள்

எதையும் ஒப்பிட்டால்தான் நாக்குக்குப் புரியும். பெல்ஜியத்தின் வெஸ்ட்மால் ட்ரிபெல் 9.5 சதவீதம், இந்தப் பாணிக்கே அளவுகோல். பிரெஞ்சு சூப்பர் மார்க்கெட்டில் சாதாரணமாகக் கிடைக்கும். 8.4 சதவீதமுள்ள ட்ரிபெல் கார்மெலீட் இன்னும் மென்மை, மூன்று தானியம் சேர்த்துக் காய்ச்சியது. இந்த இரண்டில் ஒன்றை ஒரு வாரம் முன்பு வாங்கி, கீழே 7, 8-ஆம் படிகளில் சொன்னபடி குடித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு பண்ணை ட்ரிபெல்லைக் குடித்தால், இது கொஞ்சம் முரடு, இதில் தானிய மணம் தூக்கல், இதில் கசப்பு குறைவு என்று தானாகவே தெரியும்.

6. லேபிளைத் திருப்பிப் படியுங்கள்

முன்பக்கத்துப் படத்தை விடுங்கள், பின்பக்கத்துச் சிறிய எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது.

“ப்ராஸே பார்” என்றால் இவரே காய்ச்சியது. “ப்ராஸே பூர்” என்றால் இவருக்காக வேறு யாரோ காய்ச்சிக் கொடுத்தது. ஒரே ஒரு சொல்லில் வித்தியாசம், பண்ணைக்கு நேரில் போகாமல் சந்தையில் வாங்குகிறவர்கள் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

பாட்டிலிலேயே மறுபடி புளித்தது என்பதற்கான குறிப்பு, “ரெஃபெர்மான்தே ஆன் பூத்தேய்” என்றோ “சூர் லீ” என்றோ இருக்கும். அப்படியென்றால் அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும், உயிருள்ள பீர். நல்ல ட்ரிபெல்லில் இதை எதிர்பார்க்கலாம்.

லேபிளில் த்ரிப்ல் என்று போட்டிருப்பதாலேயே அது இந்தப் பாணியில்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பொன் நிறம், 7.5-க்கு மேல் ஆல்கஹால், பாட்டிலில் மறு நொதிப்பு, இந்த மூன்றும் இருந்தால் சரியான திசையில் இருக்கிறீர்கள்.

பண்ணைக்காரரிடம் கேட்க ஒரு நல்ல கேள்வி: உங்கள் பார்லியை மால்ட் ஆக்குவது யார்? மால்ட் ஆக்குவது, அதாவது தானியத்தை முளைக்க வைத்து உலர்த்துவது, தனித் தொழில் என்பதால் பெரும்பாலானவர்கள் தங்கள் தானியத்தை வெளியே அனுப்பித்தான் மால்ட்டாகத் திரும்பப் பெறுகிறார்கள். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டதும் அவர் உங்களை வேறு மாதிரி நடத்துவார். உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறவர்களும் உண்டு.

7. குளிர்ச்சி, கிளாஸ், ஊற்றுவது

பீர் என்றால் ஐஸ் போல இருக்க வேண்டும் என்ற பழக்கத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டியிருக்கும். 3 டிகிரியில் ட்ரிபெல் வெறும் சோடா, மணம் எதுவும் எழாது. 7, 8 டிகிரியில் தொடங்கி, கிளாஸிலேயே மெல்ல 12 வரை ஏற விடுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் மேஜையில் வைத்தால் போதும். பண்ணையில் ரொம்பக் குளிராகக் கொடுத்தால் கிளாஸை இரு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருங்கள்.

கிளாஸ், வாய் கொஞ்சம் குவிந்த, வயிறு அகன்ற துலிப் வடிவமாக இருக்கட்டும். நீள உருளைக் கிளாஸ் வேண்டாம். 33 சென்டிலிட்டர் பாட்டிலுக்கு அதைவிடப் பெரிய கிளாஸ் வேண்டும், நுரைக்கே மூன்று விரல் இடம் போகும்.

வீட்டில் குடிப்பவர்களுக்கு ஒரு விஷயம் அழுத்திச் சொல்கிறேன். நம் சமையலறையில் கிளாஸ் கழுவுகிற ஸ்பாஞ்சும் தாளித்த வாணலி கழுவுகிற ஸ்பாஞ்சும் ஒன்றாக இருந்தால் நுரை நிற்காது. கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலமே அதைக் கொன்றுவிடும். ஊற்றிய பிறகு கிளாஸின் உள் சுவரில் குமிழிகள் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸ் சுத்தமில்லை என்று அர்த்தம். புது ஸ்பாஞ்சால் கழுவி, நன்றாக அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலர விடுங்கள். ஊற்றும் முன் குளிர்ந்த தண்ணீரில் ஒரு முறை நனைத்துக்கொள்ளுங்கள்.

75 சென்டிலிட்டர் பாட்டில் பெரும்பாலும் தக்கையும் கம்பியுமாக வரும். கம்பியைத் தளர்த்தியதிலிருந்து கட்டை விரல் தக்கையின் மேல் இருக்கட்டும். தக்கையைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். முகத்துக்கு நேரே வேண்டாம், குழந்தைகள் பக்கம் வேண்டாம். உள்ளே அழுத்தம் அதிகம்.

ஊற்றும்போது கிளாஸை 45 டிகிரி சாய்த்து, சுவரை ஒட்டி, ஒரே ஓட்டமாக ஊற்றுங்கள். பாதிக்கு மேல் வந்ததும் கிளாஸை நிமிர்த்துங்கள், நுரை எழும். பாட்டிலில் கடைசி ஒரு சென்டிமீட்டரை விட்டுவிடுங்கள், அதில்தான் ஈஸ்ட் வண்டல். பெரிய பாட்டில் என்றால் எல்லாக் கிளாஸ்களையும் வரிசையாக வைத்து, பாட்டிலை நிமிர்த்தாமல் ஒரே மூச்சில் நிரப்புங்கள். ஒவ்வொரு கிளாஸுக்கும் நிமிர்த்திச் சாய்த்தால் வண்டல் கலங்கி, கடைசியாக வாங்குகிறவருக்குச் சேறுதான் போகும். வண்டல் விஷமில்லை. சிலர் முதலில் தெளிவாகப் பாதி குடித்துவிட்டு, அப்புறம் வண்டலைச் சேர்த்து வித்தியாசம் பார்ப்பார்கள். செய்து பாருங்கள். மாவு போன்ற ஒரு கனம் வரும், கசப்பும் கூடும்.

பண்ணைக் கல்லாவில் ஆர்டர் செய்யும்போது அளவுப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். கலொப்பேன் என்றால் 12.5 சென்டிலிட்டர், தெமி என்றால் 25, பேன்ட் என்றால் 50. ட்ரிபெல்லைப் பேன்ட் அளவில் கேட்காதீர்கள். கலொப்பேன் போதும், பிடித்திருந்தால் இன்னொன்று.

8. மூக்கு முதலில், வாய் பிறகு

சாப்பிட்டவுடன், சிகரெட் பிடித்தவுடன், பல் தேய்த்தவுடன் வேண்டாம். அன்றைக்கு வாசனைத் திரவியமும் வேண்டாம், உங்கள் பக்கத்தில் நிற்கிறவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். காலை 11 மணி வாக்கில், லேசாக ஏதாவது சாப்பிட்டிருக்கும் நேரத்தில் நாக்கு மிகவும் கூர்மையாக இருக்கும்.

பலகையில் பல பீர் வந்தால் கோதுமை பீர், சாதாரணப் பொன் நிற பீர், ஆம்பர், கடைசியாக ட்ரிபெல் என்று போங்கள். ட்ரிபெல்லை முதலில் குடித்தால் மற்றவை எல்லாம் தண்ணீராகத் தெரியும், அவற்றுக்கு அநியாயம்.

முதலில் பாருங்கள். வெளிர் பொன்னிலிருந்து ஆழ்ந்த பொன் வரை இருக்கலாம், லேசான மங்கல் இருந்தால் குறையில்லை. நுரை வெண்மையாக, அடர்த்தியாக இருந்து, குடிக்கக் குடிக்கக் கிளாஸ் சுவரில் வலை போலத் தங்க வேண்டும்.

பிறகு சின்னச் சின்னதாக முகருங்கள். ஒரே இழுப்பாக இழுத்தால் மூக்கு சோர்ந்துவிடும். பழ மணத்தைத் தேடுங்கள், நன்கு பழுத்த வாழை, பேரிக்காய், ஆரஞ்சு. அப்புறம் மசாலா மணம், கிராம்பு, வெள்ளை மிளகு. இந்த இரண்டையும் தருவது ஈஸ்ட், யாரும் பழத்தையோ கிராம்பையோ உள்ளே போடவில்லை. கொத்தமல்லி விதை மணம் வந்தால் மட்டும் அது உண்மையிலேயே போட்டதாக இருக்கலாம், சிலர் சேர்ப்பார்கள், கேளுங்கள். அடியில் தேன், ரொட்டியின் மேல் ஓடு, உலர்ந்த வைக்கோல் போன்ற தானிய மணம் இருக்கும். பண்ணை ட்ரிபெல்லில் நான் தேடுவது இந்தக் கடைசி அடுக்கைத்தான்.

வாயில் ஒரு சின்ன மிடறு வைத்து, நாக்கு முழுக்கப் பரவ விட்டு, விழுங்கிய உடனே வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். பாதி மணம் அந்த மூச்சில்தான் வருகிறது. பீரில் விழுங்கிய பிறகுதான் கசப்பு முழுதாகத் தெரியும் என்பதால் பொதுவாகத் துப்புவதில்லை. ஆனால் ஓட்ட வேண்டியவர் துப்பலாம், பாத்திரம் கேட்டால் கொடுப்பார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

முதலில் இனிக்கிற மாதிரி இருந்து, முடியும்போது வறண்டு, மெல்லிய கசப்போடு நிற்க வேண்டும். இதற்கு ஒரு காரணம் உண்டு. மால்ட்டோடு சர்க்கரையும் சேர்க்கிறார்கள். சர்க்கரையை ஈஸ்ட் முழுவதும் தின்றுவிடும், இனிப்பாக எதுவும் மிஞ்சாது. ஆல்கஹால் ஏறும், உடல் கனக்காது. வட பிரான்ஸ் சர்க்கரைக் கிழங்கு விளைகிற பூமி, நீங்கள் ரயிலில் வரும்போது ஜன்னல் வழியாகப் பார்த்த வயல்களில் நிறைய அதுதான். ட்ரிபெல் பாகு போலத் தித்தித்தால் அது சரியாகப் புளிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பத்து நிமிடம் பேசுங்கள். திரும்ப எடுத்து முகருங்கள். சூடு ஏறியதும் வாழைப்பழம் பின்வாங்கி, தேனும் மிளகும் முன்னால் வரும். ட்ரிபெல்லின் முழு அழகும் இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது, அவசரமாகக் குடிக்கிறவருக்கு அது கிடைப்பதே இல்லை. 33 சென்டிலிட்டருக்கு முக்கால் மணி நேரம் கொடுங்கள். நடுவில் ஒவ்வொரு மிடறுக்கும் ஈடாகத் தண்ணீர் குடியுங்கள்.

9. குறையுள்ள பாட்டிலை எப்படிக் கண்டுபிடிப்பது

உயிருள்ள பீர் என்பதால் சில சமயம் கெட்டும் போகும். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் காற்றுப் பட்டுப் பழசாகிவிட்டது. வெண்ணெய், பாப்கார்ன் மணம் வந்தால் நொதிப்பு சரியாக முடியவில்லை. நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் நெடி வந்தால், ஈஸ்ட் அதிக வெப்பத்தில் திணறியிருக்கிறது. பண்ணைகளில் கோடைக்குப் பிறகு இதைச் சில நேரம் பார்க்கலாம். வினிகர் புளிப்பு வந்தால் கிருமி புகுந்திருக்கிறது. திறந்ததும் பாட்டில் பொங்கி வழிந்தால் அதுவும் அப்படி இருக்கலாம், அல்லது வழியில் குலுங்கியதாகவோ சூடானதாகவோ இருக்கலாம்.

புதியவர்கள் செய்கிற தவறு, பண்ணை பீர் என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று மரியாதைக்காகக் குடித்துவிடுவது. வேண்டாம். பணிவாகச் சொல்லுங்கள், அவர்களும் முகர்ந்து பார்த்துவிட்டு வேறு பாட்டில் திறப்பார்கள். அவர்களுக்கும் அந்தத் தகவல் தேவை.

10. கூட என்ன சாப்பிடலாம்

சுவைத்து முடிக்கும் வரை வெறும் ரொட்டி, தண்ணீர். அதற்குப் பிறகு பாலாடைக்கட்டி. மோன் தெ கா மடாலயத்துப் பாலாடைக்கட்டியும், ஆரஞ்சு நிற மிமொலெத்தும் ட்ரிபெல்லோடு நன்றாகச் சேரும். மருவால் கட்டியின் நாற்றம் முதல் முறை பயமுறுத்தும், ஆனால் அதைத் தார்த் என்ற மாவுப் பண்டத்தில் வைத்துச் சுட்ட பிறகு அந்த நாற்றம் அடங்கி, உப்பும் வெண்ணெயுமாக மாறும். அந்தப் பக்கத்து எஸ்தமினே உணவகங்களில் கிடைக்கும், தைரியமாகக் கேளுங்கள். காரமான மிக்சர், மிளகாய் பஜ்ஜி வேண்டாம். வாயு நிறைந்த, பலமான பீர் மிளகாய் எரிச்சலை இரட்டிப்பாக்கும். பீரும் தெரியாது, பஜ்ஜியும் தெரியாது.

11. வாங்கி வருவது, வைத்திருப்பது, எல்லை தாண்டுவது

நிறைந்த 33 சென்டிலிட்டர் கண்ணாடி பாட்டில் அரை கிலோவுக்கு மேல். 75 சென்டிலிட்டர் ஒன்றேகால் கிலோவுக்கும் மேல். ரயிலில் வருகிறவர் பெரிய பாட்டில் நான்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சில பண்ணைகள் காலி பாட்டிலுக்கு முன்பணம் வாங்கும், திரும்பிப் போகும் எண்ணம் இல்லையென்றால் அதையும் விலையில் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். கோடையில் கார் டிக்கியில் பல மணி நேரம் விடாதீர்கள்.

விமானத்தில் கைப்பையில் எடுத்துப் போக முடியாது, 100 மில்லிலிட்டர் வரம்பு இருக்கிறது. செக்-இன் பெட்டியில், ஒவ்வொரு பாட்டிலையும் பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டி, துணிகளுக்கு நடுவில் வையுங்கள். சுங்கத்தில், சொந்த உபயோகத்துக்கு என்றால், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் 110 லிட்டர் பீர் வரை பிரச்சினை இல்லை. பிரிட்டனுக்கு 42 லிட்டர். சுவிட்சர்லாந்துக்கு, 18 சதவீதத்துக்குக் கீழுள்ள மது எல்லாம் சேர்த்து 5 லிட்டர். இந்தியாவுக்கு எல்லா மதுவும் சேர்த்து 2 லிட்டர்தான் தீர்வையில்லாமல், அதாவது பெரிய பாட்டில் இரண்டு, சின்னது ஒன்று. விதிகள் மாறும், கிளம்பும் முன் அந்தந்த நாட்டுச் சுங்கத் தளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

வீட்டில் வெளிச்சம் படாத இடத்தில், 12 முதல் 15 டிகிரியில், படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். ஓராண்டு தாராளமாக நிற்கும், ஹாப்ஸின் மணம் மட்டும் மாதத்துக்கு மாதம் குறையும். பயணம் முடிந்து வந்த அன்றைக்கே திறக்க வேண்டாம். குலுங்கிய வண்டல் அடியில் படிய ஒரு முழு நாளாவது விட்டுவிட்டு, அப்புறம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.